மலை சரிந்ததால் பிழைத்த ஊர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழின் பயணக் கட்டுரையில் நீலப் பூஞ்சை படர்ந்த ரோக்ஃபோர் சீஸுக்குப் பேர்போன பிரான்சின் ரோக்ஃபோர் கிராமத்துக்குக் கிடைத்தது ஒரே ஒரு பத்தி. அதில் பாதி சீஸின் நாற்றம், மீதி ஆட்டிடையன் குகையில் மறந்துவிட்டுப் போன சாப்பாடு பூஞ்சை பிடித்து இந்தச் சீஸானது என்ற பழைய கதை. நாற்றம் உண்மைதான், மறுக்கவில்லை. மகள் துலூஸில் வேலை பார்ப்பதால் நானும் ஒரு ஜூலையில் அங்கே போயிருக்கிறேன். ஆனால் அந்த ஊரில் பார்க்க வேண்டியது மலையைத்தான்.

ஊருக்கு மேலே நிற்பது கொம்பாலூ என்னும் சுண்ணாம்புக்கல் மலை. எந்தக் காலத்திலோ அதன் வடக்குப் பக்கம் பெயர்ந்து சரிந்து, பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்துவிட்டன. அந்தக் குவியலின் மேல்தான் ஊர் உட்கார்ந்திருக்கிறது. பாறைகளுக்கு நடுவே நீண்ட வெடிப்புகள் உண்டு, ‘ஃப்ளூரின்’ என்கிறார்கள். அவற்றின் வழியே கோடையிலும் குளிர்ந்த ஈரக்காற்று வந்துகொண்டே இருக்கும். அந்தக் காற்று வரும் இடமாகப் பார்த்துத்தான் சீஸைப் பதப்படுத்தும் நிலவறைகளைக் கட்டினார்கள். தெருவிலிருந்து பார்த்தால் சாதாரண வீடு மாதிரி இருக்கும். உள்ளே போனால் கீழே கீழே என்று மாடிகள் இறங்கிக்கொண்டே போகும். வெறும் ‘குகை’ என்று கட்டுரையாளர் எழுதியது பாதிதான் சரி.

சுற்றியுள்ள பீடபூமியில் பெய்யும் மழையைச் சுண்ணாம்புக்கல் அப்படியே குடித்துவிடுகிறது. உழவுக்கு லாயக்கில்லாத அந்த மேட்டில் செம்மறியாடு பிழைத்தது. லக்கோன் என்ற இனச் செம்மறியின் பால் சீஸானது. 1411இல் ஆறாம் சார்ல் மன்னர் அதைப் பதப்படுத்தும் உரிமையை இந்த ஊர்க்காரர்களுக்கே கொடுத்தார். 1925இல் ‘ரோக்ஃபோர்’ என்ற பெயரைக் காக்கச் சட்டம் வந்தது. 1961இல் அருகிலுள்ள மீயோ நகர நீதிமன்றம், கொம்பாலூவின் இயற்கை நிலவறைகளில் பதப்பட்டதற்கு மட்டுமே அந்தப் பெயர் என்று தீர்ப்புச் சொன்னது. சில நூறு பேர் வாழும் ஊருக்கு இத்தனை சட்டம்! அந்தக் குளிரில் நின்று சீஸைத் திருப்பி, பூஞ்சையைச் சுரண்டியெடுத்த ‘கபான்யேர்’ பெண்களைப் பற்றி ஒரு வரியாவது எழுதியிருக்கலாம்.

இன்னொன்று. பக்கத்து லார்சாக் மேட்டில் இருந்த ராணுவ முகாமை 3,000 ஹெக்டேரிலிருந்து 17,000 ஆக்கப்போவதாக 1971இல் அரசு அறிவித்தது. ரோக்ஃபோருக்குப் பால் ஊற்றிய குடும்பங்களும் இருந்த இடம் அது. 103 விவசாயிகள் நிலத்தை விடமாட்டோம் என்று உறுதிமொழி எடுத்தார்கள். 1972இல் அறுபது ஆடுகளைப் பாரிசுக்குக் கொண்டுபோய் ஈஃபிள் கோபுரத்தின் கீழே மேயவிட்டார்கள். அதே ஆண்டு அவர்களுக்காகப் பதினைந்து நாள் உண்ணாவிரதம் இருந்தவர் லான்சா தெல் வாஸ்தோ. வார்தா ஆசிரமத்தில் தங்கியவர், காந்தியிடம் ‘சாந்திதாஸ்’ என்று பெயர் வாங்கியவர். 1981இல் மித்தரான் பிரான்சின் அதிபராகப் பதவிக்கு வந்ததும் திட்டம் கைவிடப்பட்டது. இதைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை போடுங்களேன்.

அப்புறம், படித்துவிட்டு யாராவது கிளம்பினால், வெயில் காலமானாலும் ஸ்வெட்டர் எடுத்துப்போகச் சொல்லுங்கள். நான் சேலைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு நடுங்கினேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, காரைக்குடி