ஓட்ஸ் பாக்கெட்டின் பின்பக்கம் தமிழில் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சர்க்கரை நோயாளிகளுக்கான காலை உணவு பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வாரத்தில் சில நாட்கள் ஓட்ஸ் சாப்பிடலாம் என்று எழுதியிருந்தீர்கள். எந்த ஓட்ஸ் என்று சொல்லவில்லை. மன்னார்குடியில் மளிகைக் கடை நடத்துகிறவள் நான். அந்த ஒரு விவரம் விட்டுப்போனால் கடையில் என்ன நடக்கிறது என்பதை அன்றாடம் பார்க்கிறேன்.

"டாக்டர் ஓட்ஸ் சாப்பிடச் சொல்லிட்டாரும்மா" என்று பெரியவர்கள் வருவார்கள். வாசலிலேயே சரம் சரமாக மசாலா ஓட்ஸ் தொங்கும். வெந்நீரில் கொட்டினால் மூன்று நிமிடத்தில் தயார். விலையும் கைக்கு அடக்கம். "இதையே நாலு குடு" என்று வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். உள்ளே அலமாரியில் இருக்கும் வெறும் ஓட்ஸ் பாக்கெட்டைக் காட்டினால், "அதைப் போட்டுக் கிண்டிக்கிட்டு யாரு இருக்கிறது?" என்பார்கள். மருந்து மாதிரி நினைத்து வாங்குகிறவர்கள், நொறுக்குத்தீனிக்குப் பக்கத்தில் வைக்க வேண்டிய ஒன்றை எடுத்துப் போகிறார்கள். இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஓட்ஸில் ரோல்டு, குயிக், இன்ஸ்டன்ட் என்று மூன்று வகை உண்டு. மூன்றையும் உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். ரோல்டு ஓட்ஸ் முழுசு முழுசாக, தட்டையாக, நடுவில் கோடு ஓடி இருக்கும். தானியத்தை ஆவியில் வேகவைத்து உருளையில் நசுக்குவதால் வரும் வடிவம் அது. குயிக் ஓட்ஸ் என்பது அதையே நறுக்கி இன்னும் மெல்லிசாக நசுக்கியது. இன்ஸ்டன்ட் ஓட்ஸ் ஏறக்குறைய வெந்தே வருகிறது. விரலால் தேய்த்தால் மாவாகிவிடும். வெந்நீர் பட்டதும் கரைவது அதனால்தான். அடுப்பில் சீக்கிரம் கரைவது வயிற்றிலும் சீக்கிரம் கரையும். சாப்பிட்டபின் ரத்தத்தில் சர்க்கரை ஏறும் வேகத்தைச் சொல்லும் கிளைசீமிக் குறியீடு ரோல்டு ஓட்ஸுக்குச் சுமார் 55, இன்ஸ்டன்டுக்குச் சுமார் 80. சர்க்கரைக்காரர்களுக்கு இது சின்ன விஷயமா?

பாக்கெட்டின் முன்பக்கத்தில் இதயப் படம் போட்டிருப்பார்கள். ஓட்ஸில் இருக்கும் பீட்டா குளுக்கான் என்ற நார்ச்சத்து ரத்தத்தில் உள்ள கொலஸ்ட்ராலைக் குறைக்க உதவும் என்பது உண்மைதான். ஒரு நாளைக்கு 3 கிராம் பீட்டா குளுக்கான் என்ற கணக்கில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1997லேயே இதய நோய் அபாயத்தைக் குறைக்கலாம் என்ற வாசகத்தை உறையில் போட அனுமதித்தது. ஆனால் 100 கிராம் ஓட்ஸில் அந்த நார்ச்சத்து சுமார் 4 கிராம்தான். 40 கிராம் பொட்டலம் முழுக்க ஓட்ஸாகவே இருந்தாலும் ஒன்றரை கிராம்தான் தேறும். மசாலா பொட்டலத்திலோ உப்பு, சர்க்கரை, மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துப் பொடி, காய்ந்த காய்கறித் துணுக்கு எல்லாம் சேர்ந்துதான் அந்த 40 கிராம்.

வாங்கும்போது பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். சேர்மானப் பட்டியலை எடை அதிகமானதில் தொடங்கி இறங்குவரிசையில்தான் அச்சிட வேண்டும் என்பது சட்டம். முதலில் ஓட்ஸ், அதோடு பட்டியல் முடிந்தது என்றால் தாராளமாக வாங்கலாம். பழம், தேன், மல்டிகிரெயின் என்று வருகிறவற்றில் சர்க்கரை, இன்வர்ட் சிரப் என்ற சர்க்கரைப் பாகு, தேன் என்று இனிப்பு மூன்று பெயரில் பிரிந்து உட்கார்ந்திருக்கும். அடுத்து, உப்பில் இருக்கும் சோடியம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 2000 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். உறையில் 100 கிராமுக்கு 1000 என்று போட்டிருந்தால் 40 கிராம் பொட்டலத்தில் 400. அதாவது ஒரு கிராம் உப்பு. ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை போடுகிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். விலையையும் கிராம் கணக்கில் பாருங்கள், இப்போது எம்.ஆர்.பி. பக்கத்திலேயே அதையும் அச்சிடுகிறார்கள். ஓட்ஸில் மற்றத் தானியங்களைவிடக் கொழுப்பு அதிகம், திறந்து வைத்தால் சிக்கு வாடை வந்துவிடும். இரண்டு பேர் இருக்கும் வீட்டுக்கு ஆஃபர் போட்ட பெரிய பாக்கெட் தேவையே இல்லை.

ஆனால் திருப்பிப் பார்த்து என்ன பயன்? பின்பக்கம் முழுக்க ஆங்கிலம். நம் நாட்டு உணவு உறை விதிகளின்படி விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும். மாநில மொழி விருப்பப்பட்டால் சேர்க்கலாம், கட்டாயமில்லை. தினமும் காலையில் செய்தித்தாளை ஒரு வரி விடாமல் படிக்கும் என் மாமியாருக்கு, தான் சாப்பிடும் பொருளில் எவ்வளவு உப்பு என்று படிக்க வழியில்லை. கடையில் கேட்டால் நான் படித்துச் சொல்கிறேன், அந்தப் பொடி எழுத்துக்கு எனக்கே கண்ணாடி வேண்டியிருக்கிறது. விளம்பர வாசகத்தை மட்டும் கொட்டை எழுத்தில் தமிழில் போடத் தெரிகிற கம்பெனிகளுக்கு, சோடியத்தையும் சர்க்கரையையும் தமிழில் போட என்ன தடை?

எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருவராவது சிங்கப்பூரில் இருப்பார். ஊருக்கு வரும்போது கலந்து குடிக்கும் 3 இன் 1 தானியப் பொடிகளைப் பை நிறையக் கொண்டுவருவார்கள். சர்க்கரையும் கிரீமரும் கலந்தே வரும் பொடி அது. அந்த ஊரில் 2022 டிசம்பர் 30 முதல் பாக்கெட் பானங்களுக்குச் சர்க்கரை, கொழுப்பு அளவைப் பார்த்து ஏ, பி, சி, டி என்று தரம் பிரித்து, சி, டி வாங்கியவை அந்த எழுத்தை உறையின் முன்பக்கத்திலேயே போட வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். கலந்து குடிக்கும் பொடிகளும் இதில் அடக்கம். டி தரத்துக்கு விளம்பரமே கூடாது. படிப்பறிவு இல்லாதவருக்கும் ஒற்றை எழுத்தும் நிறமும் புரியும். இங்கே 2022 செப்டம்பரில் உணவின் தரத்துக்கு ஏற்ப உறையில் இத்தனை நட்சத்திரம் என்று போடலாம் என நமது உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒரு வரைவு வெளியிட்டது. 2024 ஜூலையில் சர்க்கரை, உப்பு, நிறைகொழுப்பு மூன்றையும் தடித்த எழுத்தில் போடலாம் என்றது. என் கடைக்கு வரும் சரக்கில் இரண்டையும் இன்னும் நான் பார்க்கவில்லை.

அவசரத்துக்கு ஏதாவது வேண்டும் என்கிறவர்களுக்கு நான் எடுத்துக் கொடுப்பது சிவப்பு அவல். கெட்டி அவலைச் சற்று நேரம் ஊறவைத்தால் போதும், அடுப்பே வேண்டாம். சேர்மானப் பட்டியலில் நெல் தவிர வேறு எதுவும் இருக்காது. அதிலும் சர்க்கரை ஏறும், அளவோடுதான் சாப்பிட வேண்டும் என்பதையும் சொல்லித்தான் கொடுக்கிறேன்.

தமிழ்நாட்டில் விற்கும் உணவுப் பொருள்களின் ஊட்டச்சத்து விவரத்தைத் தமிழிலும் அச்சிட வேண்டும் என்று தமிழக அரசு மத்திய அரசை வலியுறுத்த வேண்டும். தங்கள் இதழும் இதைத் தலையங்கமாக எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். டாக்டர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: சீட்டில் வெறுமனே ஓட்ஸ் என்று எழுதாமல், "எதுவும் கலக்காத ரோல்டு ஓட்ஸ்" என்று தமிழில் எழுதிக் கொடுங்கள். அந்தச் சீட்டைக் காட்டினால் எந்த மளிகைக் கடையிலும் சரியான பாக்கெட்டை எடுத்துத் தந்துவிடுவோம்.

இப்படிக்கு,
ஒரு மளிகைக் கடைக்காரர்,
மன்னார்குடி