பேயாக நடித்த அம்மா எழுதுவது

கண்ணு,

நீ அனுப்பிய பதினொரு நிமிடப் படத்தை மூன்று முறை பார்த்துவிட்டேன். முதல் தடவை நான் எப்படி இருக்கிறேன் என்று மட்டும்தான் பார்த்தேன். இரண்டாவது, பக்கத்து வீட்டு அக்காவோடு. அவர் பயப்படவே இல்லை, "இது உன் நைட்டிதானே?" என்று கேட்டார். மூன்றாவது, ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுத் தனியாக. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

மாடிப்படிக்குக் கீழே தண்ணீர்க் குடங்கள் வரிசையாக இருக்குமே, அந்த ஷாட்டில் ஒன்றுமே நடக்கவில்லை. ஒரு குடத்துக்கு மட்டும் மூடி இல்லை. எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்று நானே பிடித்து வைத்த குடம், அதைப் பார்த்துப் பயப்படுகிறேன்! அடுத்து நான் தலைவிரி கோலமாக வந்து நிற்கும்போது டமார் என்று ஒரு சத்தம் வைத்திருக்கிறாய் பார், அங்கே பயம் போய்விட்டது. திடுக்கிட்டேன், அவ்வளவுதான். குக்கர் விசில் அடித்தாலும்தான் திடுக்கிடுவேன்.

மற்றபடி குறை சொல்ல மாட்டேன். டார்ச்சில் மஞ்சள் கண்ணாடித்தாள் ஒட்டினாயே, தெருவில் எல்இடி வருவதற்கு முன்னால் எரிந்த சோடியம் விளக்கு அப்படியே வந்துவிட்டது. சாம்பிராணிப் புகையும் நன்றாக விழுந்திருக்கிறது (அந்த யோசனை என்னுடையது, டைட்டிலில் போட்டிருக்கலாம்). மொத்தச் செலவு 9,000 ரூபாய், அதில் பாதி உன் நண்பர்கள் சாப்பிட்ட பிரியாணி.

ஓரன் பெலி என்று ஒருவர் 'பாராநார்மல் ஆக்டிவிட்டி' என்ற பேய்ப் படத்தைத் தன் சொந்த வீட்டிலேயே 15,000 டாலரில் எடுத்தார் என்று சொல்லித்தானே என்னைச் சம்மதிக்க வைத்தாய்? அதையும் தேடிப் பார்த்தேன். ராத்திரி கேமரா ஒரே இடத்தில் நிற்கிறது. வயலின், மேளம் எதுவும் கிடையாது. பேய் வரும் நேரத்தில் அடியில் ஒரு உறுமல், அவ்வளவுதான். அவருக்கு அது போதுமானதாக இருந்திருக்கிறது. நீ ஏன் டவுன்லோட் செய்த வயலினைப் போட்டாய்?

நாம் எடுத்தது மீன்பிடித் தடைக்காலத்தில். ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் எல்லாம் காசிமேட்டில் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு கட்டிக் கிடக்கின்றன. முன்பு 45 நாள்தான், அதுவே பெரிய பாடு. விடியற்காலையில் ஐஸ் வண்டி இல்லை, ஏலக் கூச்சல் அடங்கிக் கிடக்கிறது. அந்த அமைதியில், படகோரம் தொங்கும் டயர்கள் உரசுகிற சத்தம் நம் மொட்டை மாடி வரை வரும், யாரோ தூக்கத்தில் பல்லைக் கடிப்பது மாதிரி. சின்ன வயதில் அதைக் கேட்டால் பாயைச் சுருட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்து படுத்துவிடுவாய். அந்தச் சத்தம் படத்தில் ஒரு இடத்தில்கூட இல்லை. குடம் இருக்கும் இடத்தில் அதை மட்டும் போட்டுப் பார். நான் வரும் ஷாட்டை வெட்டினாலும் பரவாயில்லை. கொஞ்சம் வருத்தம்தான், ஆனாலும் வெட்டு.

ஜூன் 14-ஓடு தடை முடிகிறது. அப்புறம் மோட்டார் சத்தத்தில் எதுவும் கேட்காது. இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. பெங்களூரிலிருந்து ஒரு ராத்திரி வந்துவிட்டுப் போக முடிந்தால் வா, வஞ்சிரம் இப்போது வாங்க முடியாத விலை, நெத்திலிக் கருவாடு இருக்கிறது. லீவு கிடைக்காவிட்டால் நானே மாடிச் சுவரில் போனை வைத்துப் பதிவு செய்து அனுப்புகிறேன். அதை ஏரோப்ளேன் மோடில் போட வேண்டுமா, வேண்டாமா? அதை மட்டும் சொல்.

அம்மா