இப்போதா, பாட்டி?

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. முழங்கால் வலி குறைந்து மறுபடி நடக்கத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் மனம் லேசானது. உடனே எழுதாததற்கு ஒரு காரணம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை இரவு வீட்டில் எல்லோருக்கும் நான் ரிசோட்டோ, அதாவது சாறு விட்டுக் கிளறிக் குழைவாகச் செய்யும் இத்தாலியச் சோறு, செய்வதாக இருந்தேன். அதையும் சேர்த்து உனக்குச் சொல்ல ஆசை.

போன முறை கெட்டுப்போனது நினைவிருக்கிறதா? கைப்பழக்கத்தில் அரிசியை மூன்று முறை கழுவிவிட்டேன். குழைவு தரும் மாவுச்சத்து மணிகளின் மேலேயே ஒட்டியிருக்கிறது. பாதியை நானே கழுவிக் கொட்டியிருக்கிறேன். இந்த முறை கழுவவில்லை. அரிசியும் கார்னரோலி. 1945இல் மிலானுக்கு அருகே உருவான ரகம். ரிசோட்டோவுக்குப் போடும் இன்னொரு அரிசியான ஆர்போரியோவைவிட உறுதியானது; ஒரு நிமிடம் தவறினாலும் குழைந்துவிடாது.

நான்கு பேருக்கு 320 கிராம் அரிசி, காய்கறிகளை வேகவைத்து வடித்த சாறு ஒன்றேகால் லிட்டர். சாற்றைப் பக்கத்து அடுப்பில் சூடாகவே வைத்திருந்தேன். வெங்காயத்தை வெண்ணெயில் நிறம் மாறாமல் வதக்கி அரிசியைப் போட்டுப் புரட்டினேன். இரண்டு நிமிடத்தில் மணிகளின் ஓரம் கண்ணாடி போலாகி, நடுவில் வெள்ளைப் புள்ளி மட்டும் நின்றது. இந்தக் கட்டத்தில் ஒயின் ஊற்றுவார்கள். பேத்தியும் சாப்பிடுவாள் என்பதால் நான் ஊற்றவில்லை.

பிறகு 17 நிமிடம் அகப்பையைக் கீழே வைக்கவில்லை. பேத்தி முக்காலியில் ஏறி நின்றுகொண்டாள். நான் அகப்பையால் பாத்திரத்தின் அடியில் ஒரு கோடு இழுப்பேன். அது உடனே மூடிக்கொண்டால் பொறுக்க வேண்டும். ஒரு கணம் நின்று மூடினால் அடுத்த கரண்டி சாறு. ஒவ்வொரு கோட்டுக்கும் "இப்போதா, பாட்டி?" என்று கேட்டாள். ஏழாவது கரண்டிக்கு அவள் கேட்கவில்லை. கோட்டைப் பார்த்துத் தானே ஊற்றினாள். சரியான நேரம்! எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

குங்குமப்பூ ஊறிய சாற்றைக் கடைசியில் விட்டு, அடுப்பை அணைத்து, குளிர்ந்த வெண்ணெயும் துருவிய பார்மெசான் பாலாடைக்கட்டியும் சேர்த்து வேகமாக அடித்தேன். தட்டைச் சாய்த்தால் அலைபோல நகர வேண்டும். இத்தாலியர்கள் அதை 'ஆல்ஓந்தா' என்கிறார்கள். நகர்ந்தது!

இது காத்திருக்காத உணவு. ஐந்து நிமிடம் விட்டால் இறுகிவிடும். எங்கள் வீட்டிலோ பல மாதங்களாக, மூடி வைத்ததை அவரவர் நேரத்துக்கு எடுத்துத்தான் சாப்பிடுகிறோம். அன்று மருமகள் தட்டுகளை வெந்நீரில் சூடாக்கித் துடைத்து வைத்தாள். மகன் கைப்பேசியை அறையிலேயே விட்டுவிட்டு வந்தான். பாத்திரம் வருவதற்கு முன்பே மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் நின்று ஒரு நொடி அதைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனேன்.

அடுத்த மாதம் நீ வருகிறாய் அல்லவா? அன்றும் இதுதான். சாறு ஊற்றும் வேலை பேத்தியுடையது. இப்போதே சொல்லி வைத்துவிட்டாள்.

அன்புடன்,
உன் தோழி