சிதம்பரமும் ஒரு பிரெஞ்சு சர்நேம்தான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க இணைப்புல குடும்பப் பேர்களைப் பத்தி வந்த கட்டுரைய ரெண்டு தடவை படிச்சேன். நல்லா உழைச்சு எழுதியிருந்தாங்க, சந்தோஷம். ஆனா நடுவுல ஒரு வரி, ஒருத்தருக்கு பிரெஞ்சு சர்நேம் இருந்தா அவங்க பாட்டன் பூட்டன் பிரான்ஸ்காரங்களாத்தான் இருப்பாங்கன்னு போட்டிருந்தாங்க, அத அப்படியே விட மனசு வரல. தப்புங்கறதுக்காக மட்டும் எழுதல, எங்க வீட்டு விஷயமும் இதுல இருக்கு, அத கடைசியில சொல்றேன்.

குவாதலூப்னு கரீபியன் கடல்ல ஒரு தீவு. இன்னிக்கும் அது பிரான்ஸோட ஒரு மாவட்டம் மாதிரிதான், 1946ல அப்படி ஆக்குனாங்க. அங்க 1863ல பிறந்த ஒருத்தர் பேர் ஆன்ரி சிதாம்பரோம். சர்நேம் சிதாம்பரோம். சத்தமா ஒருதடவை சொல்லிப் பாருங்க, நம்ம தில்லை சிதம்பரம்தான் அது. அடிமை முறைய 1848ல ஒழிச்ச பிறகு கரும்புக் காட்டுக்கு ஆள் வேணும்னு காரைக்கால், பாண்டிச்சேரி வழியா நம்ம ஜனங்கள ஒப்பந்தக் கூலியா கப்பல்ல ஏத்துனாங்க. குவாதலூப்புக்கு மொத கப்பல் 1854 டிசம்பர்ல போய் சேந்துச்சு, அப்புறம் முப்பத்தஞ்சு வருஷத்துல கிட்டத்தட்ட 42,000 பேர் அந்தத் தீவுக்கு மட்டும் போனாங்க. அவங்க பிள்ளைங்க அங்கேயே பிறந்து வளந்தும் ஓட்டு கிடையாது, நீங்க இந்தியாக்காரங்கன்னு சொல்லிட்டாங்க. இந்த சிதாம்பரோம்தான் 1904ல ஆரம்பிச்சு கோர்ட்டு, மனுன்னு அலைஞ்சு 1923ல அவங்களும் பிரெஞ்சு குடிமக்கள்தான்னு ஒத்துக்க வச்சார். சிதம்பரம்ங்கற பேரத் தாங்கிக்கிட்டு ஒருத்தர் பத்தொம்பது வருஷம் பிரெஞ்சு சர்க்காரோட மல்லுக்கட்டியிருக்கார்னு நம்ம பாடப்புத்தகத்துல ஒரு வரி கூட நான் படிச்சதில்ல.

அந்தப் பேர் எப்படி சர்நேம் ஆச்சுன்னு பாத்தா, நம்ம ஆளுக்கு இருந்தது ஒரே பேர்தான், கூட அப்பா பேர். பிரெஞ்சு பதிவேட்டுல ரெண்டு கட்டம், கூப்பிடுற பேர் ஒண்ணு, குடும்பப் பேர் ஒண்ணு. பிள்ளைக்கு ஆன்ரி, எர்னஸ்ட்னு அந்த ஊர்ப் பேர் வச்சாங்க, கப்பல்ல வந்தவரோட தமிழ்ப் பேர் குடும்பப் பேர் கட்டத்துல உக்காந்துக்கிச்சு, அதுக்கப்புறம் அது நகரல. கிளார்க் காதுல எப்படி விழுந்துச்சோ அப்படித்தான் எழுத்து. முத்துசாமிய எழுதணும்னா பிரெஞ்சுல 'உ' சத்தத்துக்கு ஓவும் யூவும் சேக்கணும், நடுவுல ஒரு எஸ் மட்டும் போட்டா இசட் மாதிரி ஒலிக்கும்ங்கறதால ரெண்டு எஸ் போடணும், அதனால முத்துசாமி நீளமா 'மூத்தூஸ்ஸாமி'ன்னு ஆகிப்போச்சு. அந்தப் பேர்ல எர்னஸ்ட் மூத்தூசாமின்னு ஒருத்தர் பாரிஸ் பார்லிமெண்ட்ல குவாதலூப்புக்கு எம்பியா இருந்திருக்கார். வைத்திலிங்கம் 'வைத்திலிங்கோன்' ஆச்சு. வீரப்பன் 'விராப்பேன்' ஆச்சு. இந்தியப் பெருங்கடல்ல பிரான்ஸுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவுல மீனாட்சிங்கற பொம்பளப் பேரே சர்நேமா இருக்கு, அந்த வீட்டுல பிறக்குற ஆம்பளப் பிள்ளையும் மினாட்சிதான். எந்த ஊர் மீனாட்சி, யாரு பெத்த மகளோ. அதப் படிச்ச அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல.

பிரான்ஸ்காரங்க சொந்தப் பேர்களும் ஒண்ணும் வானத்துல இருந்து குதிச்சு வந்தது இல்லீங்க. பழைய காலத்துல ஒரு ஊர்ல இருபது ழான், பதினஞ்சு பியேர் இருந்திருக்காங்க, யாரைக் கூப்பிடுறதுன்னு தெரியாம குள்ளமா இருக்குற ழான், காட்டோரம் இருக்குற ழான், கொல்லன் மகன் ழான்னு சொல்லிச் சொல்லி அதுவே ஒட்டிக்கிச்சு. பெத்தின்னா சின்னவன். துபுவான்னா காட்டுக்காரன், நம்ம ஊரப் பத்தி புஸ்தகம் எழுதுன பாதிரியார் துபுவா பேரும் அதுதான். 1539ல ராஜா முதலாம் பிரான்சுவா ஞானஸ்நானத்துக்கு ரிஜிஸ்தர் வைக்கச் சொன்னார், 1794ல புரட்சி சர்க்கார் பிறப்புப் பதிவுல உள்ள பேரத் தவிர வேற பேர் யாரும் வச்சுக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டுது, அதோட பேர் உறைஞ்சு போச்சு.

எங்க காரைக்குடிப் பக்கம், நகரத்தார் செட்டியார் வீடுகள்ல மட்டும் என்ன. தலைப்பிள்ளைக்கு ஐயா, அதாவது அப்பாவோட அப்பா பேர்தான் வைக்கணும், அதனால தான் பேரனுக்கே பெயரன்னு பேரு. அப்படி வச்சு வச்சு ஒரே ஊர்ல முப்பது ராமநாதன், நாப்பது லெட்சுமணன். அதுக்காகத்தான விலாசம்னு ஒண்ண வச்சோம்? வெளியூர்க்காரங்களுக்கு விலாசம்னா அட்ரஸ், எங்களுக்கு விலாசம்னா பேருக்கு முன்னாடி வர்ற எழுத்துங்க, ஒவ்வொரு எழுத்தும் ஒரு தலைமுறை. கானாடுகாத்தான் ராஜா சர் அண்ணாமலை செட்டியார் பேருக்கு முன்னாடி எஸ்.ஆர்எம்.எம்.னு வரும், கடைசி எம் அவங்க அப்பச்சி, அதாவது அப்பா, முத்தையா செட்டியாரு. தமிழ்ல எழுதுறப்போ ராம., சித., பழ., பெரி., சொ.ன்னு ரெண்டெழுத்து சேத்தும் எழுதுவோம். கடல் கடந்து வச்ச கடைக்கும் இதுதான் பேரு, பணம் அனுப்புற உண்டியல் சீட்டுலயும் இதுதான், பெட்டகத்துல பாத்திரத்துல வெட்டியிருக்குறதும் இதுதான்.

எத்தனை பேருக்கு எந்தப் பேர்ங்கறதையும் பிரான்ஸ்காரங்க எண்ணி வச்சிருக்காங்க. இன்சேன்னு அவங்க சர்க்கார் புள்ளிவிவர ஆபீஸ், 1891ல இருந்து பிறந்தவங்க கணக்க சர்நேம் வாரியா, மாவட்ட வாரியா போட்டிருக்கு. மொத இடம் மார்ட்டின், அவங்க வாயில மார்த்தேன், அப்புறம் பெர்னார், தொமா எல்லாம் வருது. இதுல ஒரு விஷயம் கவனிக்கணும், ஒரு எழுத்து மாறுனா கூட அது தனி சர்நேமாத்தான் கணக்கு. கொல்லனுக்கு வடக்க லெஃபெவ்ர், தெக்க ஃபாப்ர், இன்னொரு பக்கம் ஃபோர், பிரெத்தாஞ்ல லெ கோஃப், ஜெர்மனி ஓரத்துல ஷ்மிட், தொழில் ஒண்ணு பேர் அஞ்சு, அந்த லெஃபெவ்ரயே மூணு நாலு விதமா எழுதுவாங்க. இப்படிப் பிரிஞ்சு பிரிஞ்சு பத்து லட்சத்துக்கு மேல சர்நேம் இருக்கு அந்த நாட்டுல. அதுல பெரும்பாலானத வச்சிருக்குறவங்க ரொம்பக் கொஞ்சப் பேர்தான். ரொம்ப அபூர்வமா இருக்குற பேர்களைத் தனித்தனியா காட்டாம 'மத்த பேர்கள்'னு ஒரே வரியில போட்டுருவாங்க. கூலிக்குப் போன நம்ம ஆளு பேரு ஏன் அபூர்வம்னா, ஒரு ஆள், ஒரு கிளார்க், ஒரு ஸ்பெல்லிங், அவ்வளவுதான் அதோட வேர். மார்ட்டின் நாடு முழுக்க ஆயிரம் எடத்துல தனித்தனியா முளைச்ச பேரு. இது ஒரே விதையில வந்த மரம்.

பாண்டிச்சேரியில இன்னொரு மாதிரி நடந்துச்சு. 1881 செப்டம்பர்ல ஒரு ஆணை வந்துச்சு, சாதி வழக்கம் இந்து வழக்கம் எல்லாத்தையும் விட்டுட்டு பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள்ள வரேன்னு கையெழுத்துப் போடலாம், போடுறவங்க ஒரு குடும்பப் பேர் சொல்லணும். மொதல்ல போட்டவங்கள்ல வக்கீல் பொன்னுத்தம்பி பிள்ளை ஒருத்தர், கோர்ட்டுக்குள்ள ஷூ போட்டு வரக்கூடாதுன்னு 1873ல ஜட்ஜ் சொன்னதுக்கு பாரிஸ் வரைக்கும் போய் ஜெயிச்சவர். அவர் எடுத்துக்கிட்ட சர்நேம் லா போர்த், அப்படின்னா வாசக் கதவு. அந்தப் பேரோட ஒருத்தர இன்னிக்குப் பாத்தா உங்க கட்டுரைப்படி பிரான்ஸ்காரர்னுதான நினைப்போம்?

வியட்நாம்ல சைகோன்லயும் இதே கதை பக்கத்து பக்கத்துல நடந்திருக்கு. பாண்டி, காரைக்கால்ல இருந்து போனவங்க பிரெஞ்சு குடிமக்கள், சர்நேம் உண்டு, ஓட்டு உண்டு. லேவாதேவிக்குப் போன நம்ம செட்டியாருங்க பிரிட்டிஷ் பிரஜை. ரெண்டு பேரும் தமிழ் பேசிக்கிட்டு ஒரே முருகன் கோயில்ல கும்பிட்டாலும் காகிதத்துல வேற வேற. எங்க ஐயா அங்க ஒரு வட்டிக்கடையில அடுத்தாளா, அதாவது உதவியாளா இருந்தவுக. பெட்டியடிக்குள்ள ஒரு பழைய பிரெஞ்சு ரசீது கிடந்துச்சு, ஐயாவோட விலாசம் நாலு எழுத்தையும் விட்டுட்டு கூப்பிடுற பேரோட 'செத்தி'ன்னு மட்டும் எழுதியிருக்கான். யாரோ ஒரு குமாஸ்தா பேனாவ ஒரு தடவை தூக்கி வச்சான், நாலு தலைமுறை போச்சு.

இப்ப எங்க வீட்டு விஷயம். எம்மகன் இருபது வருஷம் முன்ன வேலைக்கு பிரான்ஸ் போனான். பாஸ்போர்ட் எடுக்குறப்போ ஏஜெண்ட் ஒருத்தர், விலாசம் எல்லாம் வேணாங்க, அப்பா பேர சர்நேம் கட்டத்துல போட்டா போதும்னு சொல்லி அவரே டைப் அடிச்சுட்டார். ஆக அவன் சர்நேம் எம்பேரு. எனக்கு பழனி ஆண்டவர் பேரு, அதுல ஒரு ழகரம் இருக்கு, நடுவுல ரெண்டு ப சேந்து வரும். ஏஜெண்ட் அந்த எடத்துல ஒரு ப மட்டும்தான் அடிச்சிருக்கார், யாரும் பாக்கல, நானும் பாக்கல. அங்க அவனுக்கு குடியுரிமை வந்துச்சு, பேரன் பேத்தி ரெண்டு பேரும் அங்கதான் பிறந்தாங்க. அவங்க ஸ்கூல்ல டீச்சர் வருகை எடுக்குறப்போ கூப்பிடுறது எம்பேர, ஒரு ப இல்லாத எம்பேர. பேரன் போன மாசம் போன்ல, ஐயா இந்த ஸ்பெல்லிங்ல சர்நேம் தேடிப் பாத்தேன், எங்கயுமே காணோம், நாம அந்த 'மத்த பேர்கள்' வரிக்குள்ள இருப்போம் போலன்னு சொன்னான். நான் கொஞ்ச நேரம் பேசாம இருந்தேன். அறுபத்தெட்டு வருஷமா காரைக்குடியில வச்சிருக்குற பேரு, அங்க போய் புதுசா முளைச்ச ஒரு அபூர்வ பிரெஞ்சு சர்நேமா நிக்குது. இன்னும் நூறு வருஷம் கழிச்சு அந்தப் பிள்ளைங்க வம்சத்துல ஒருத்தர் இது என்ன பேரு, எங்க இருந்து வந்துச்சுன்னு தேடுனா அவங்களுக்கு பழனி மலை தெரியாது, கோயில் தெரியாது, எங்க அப்பச்சி பேர் தெரியாது. மீனாட்சி யாருன்னு தெரியாம நான் முழிக்கிற மாதிரிதான் அவங்களும் முழிப்பாங்க.

அபூர்வப் பேர் நிலைக்கிறது கஷ்டம், அது வெறும் பயம் இல்ல, கணக்கு. பியனைமேன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் 1845லயே இதக் கணக்குப் போட்டிருக்கார், அப்புறம் 1873ல இங்கிலாந்துல கால்டன் அதே கேள்விய பத்திரிகையில கேக்க, வாட்சன்ங்கறவர் கூட சேந்து தீர்வு தேடுனாங்க. ஒரு ஆம்பளைக்கு சராசரியா ஒரு ஆம்பளப் பிள்ளைன்னு வச்சாலும் சிலருக்கு பிள்ளையே இருக்காது, சிலருக்கு எல்லாம் பொண்ணாப் பிறக்கும், தலைமுறை ஓட ஓட ஒவ்வொரு பேரா அணைஞ்சுக்கிட்டே வரும், ரெண்டு மூணு வீட்டுல மட்டும் இருக்குற பேருதான் மொதல்ல போகும். மொத உலகப் போர்ல 13 லட்சத்துக்கு மேல பிரெஞ்சு சிப்பாய்ங்க செத்தப்போ நெறைய வீட்டுப் பேரு அத்தோட முடியுற நெலமை, அதனால 1923 ஜூலையில ஒரு சட்டம் போட்டு, வாரிசு இல்லாம செத்த சிப்பாயோட பேர நெருங்குன சொந்தக்காரங்க எடுத்துக்கலாம்னு சொன்னாங்க. சிதாம்பரோம் ஜெயிச்ச அதே வருஷம். இப்பவும் அவங்க சிவில் சட்டத்துல, அழியப் போற முன்னோர் பேரக் காப்பாத்த நான் பேர மாத்திக்கிறேன்னு மனு போடலாம்.

இதத்தானங்க நாங்க பிள்ளை கூட்டுறதுன்னு சொல்றோம்! ஆண் வாரிசு இல்லாத வீடு, ஒரே குலக் கோயிலச் சேந்த பங்காளி வீட்டுப் பிள்ளைய சுவீகாரம் எடுத்து, ஊரக் கூட்டி, பத்திரம் எழுதி, அந்த விலாசத்த அந்தப் பிள்ளை தலையில வைக்கிறது. எங்க நகரத்தாருக்கு உள்ள ஒன்பது குலக் கோயில்லயும் கல்யாணம் ஆன ஒவ்வொரு ஜோடியும் ஒரு புள்ளி, எத்தனை புள்ளின்னு கோயில்ல கணக்கு இருக்கு. இன்சே செய்யுற வேலைய இளையாத்தங்குடியிலயும் மாத்தூர்லயும் வைரவன்பட்டியிலயும் நம்ம பெரியவங்க எந்த சர்க்காரும் சொல்லாமலே செஞ்சிருக்காங்க. ஆனா புள்ளிக் கணக்குல தலை எண்ணிக்கை இருக்கும், விலாசத்துல இருக்குற எழுத்து ஒவ்வொண்ணும் யாருன்னு இருக்காது. அது வீட்டுப் பெரியவங்க வாயிலதான் இருக்கு. எங்க தெருவுலயே ஒரு வீட்டுல கேட்டேன், விலாசத்துல மூணாவதா வர்ற 'வீ' யாருன்னு, வீரப்பனா வீரபத்திரனா வீராசாமியான்னு யாருக்கும் தெரியல, சொல்லக்கூடிய ஆச்சி ரெண்டு வருஷம் முன்னதான் தவறிப்போனாக.

அதனால உங்ககிட்ட கேக்குறது ரெண்டு. அந்தக் கட்டுரைக்கு ஒரு திருத்தம் போடுங்க, சின்னதா இருந்தாலும் சரி. இன்னொண்ணு, உங்க பேப்பர்ல சிவகங்கை, புதுக்கோட்டை பதிப்புல தினம் இரங்கல் விளம்பரமும் சாந்திக் கல்யாண விளம்பரமும் வருது, அதுல விலாசத்த வெறும் எழுத்தா போடாம, கொடுக்குறவங்க விரும்புனா அடியில ஒரு வரியில முழுப் பேரா விரிச்சுப் போட இடம் கொடுங்க, அந்த ஒரு வரிக்கு மட்டும் காசு வாங்காதீங்க. பேப்பர்ல வந்தா யாராவது வெட்டி வச்சுக்குவாங்க, வெளிநாட்டுல இருக்குற பிள்ளைங்களுக்கு போட்டோ எடுத்து அனுப்புவாங்க.

நான் எங்க வீட்டு விலாசம் நாலு எழுத்தையும் விரிச்சு, எந்தக் கோயில், எந்த ஊரு, எந்தத் தெருன்னு ஒரு நோட்டுல எழுதி பேரனுக்கு தபால்ல அனுப்பியிருக்கேன். எம்பேர்ல விட்டுப்போன ப எந்த எடத்துல வரணும்னும் எழுதியிருக்கேன். பள்ளிக்கூடத்துல குடும்பப் பேர் பத்தி ஏதோ பாடம் வருதாம், அதுக்கு எடுத்துட்டுப் போறேன்னு சொல்லியிருக்கான்.

இப்படிக்கு,
காரைக்குடி வாசகர் ஒருவர்