மரியா அம்மாவுக்கு, ஒரு பலகை விஷயமாக

அன்புள்ள மரியா அம்மா,

எழுத்தாளர் வாழ்ந்த வீட்டுச் சுவரில் நினைவுப் பலகை பதிப்பது உங்கள் உக்ரைனில் வழக்கம். பெயர், இரண்டு ஆண்டுகள், அப்புறம் என்னவாக இருந்தார் என்று ஒரு வரி. உங்கள் கணவர் போரிஸ் ஹ்ரின்சென்கோவுக்கு 'எழுத்தாளர், நாட்டார் வழக்காற்று ஆய்வாளர்' என்று போடுவார்கள். சரிதான். ஆனால் அந்த இரண்டாவது பட்டத்தில் உங்களுக்கும் பங்கு உண்டு என்பதுதான் என் கட்சி.

1894-இல் செர்னிஹிவுக்கு வந்தீர்கள். பகலில் அவருக்கு அலுவலக வேலை, மிச்ச நேரமெல்லாம் மக்கள் சொன்ன கதைகள், நம்பிக்கைகள், பழமொழிகள், பாட்டுகள். உக்ரேனிய அச்சுக்கு 1876-இல் ஜார் போட்ட தடை நீங்காத காலத்தில் இதெல்லாம் 1895 முதல் 1899-க்குள் மூன்று தொகுதிகளாக வந்துவிட்டது என்பதே எனக்குப் பெரிய ஆச்சரியம். அதிலும் நீங்கள் ரஷ்ய மொழி பேசும் வீட்டில் பிறந்தவர், உக்ரேனிய மொழியைப் பிறகு கற்றுக்கொண்டு அதில் எழுதியவர்!

அப்புறம் கீவ், அந்த உக்ரேனிய மொழி அகராதி. பலர் பல்லாண்டுகளாகச் சேர்த்து வைத்த சொற்குவியலை 'கீவ்ஸ்கயா ஸ்தாரினா' இதழ்க்காரர்கள் போரிஸிடம் ஒப்படைத்தார்கள். 1907 முதல் 1909 வரை நான்கு தொகுதிகள், ஏறத்தாழ 68,000 சொற்கள். கூடவே உட்கார்ந்து நீங்களும் உழைத்தீர்கள், முகப்பில் இருப்பது அவர் பெயர் மட்டும். அச்சு வேலை முடிவதற்குள்ளேயே, 1908-இல், மகள் நாஸ்தியா சிறையிலிருந்து கொண்டுவந்த காசநோயில் இறந்துபோனாள். பதினாறு வயதில் தடைசெய்த புத்தகம் படித்ததற்காகச் சிறை போன போரிஸுக்கும் அதே நோய்தான், 1910-இல் இத்தாலியில் ஒஸ்பெதலெத்தி என்ற ஊரில் முடிந்தது. அதற்கப்புறமும் நீங்கள் ஓயவில்லை. அவருடைய நூலகத்தை அறிவியல் கழகத்திடம் சேர்த்துவிட்டு, அங்கேயே அகராதிக் குழுவில் வேலையும் பார்த்தீர்கள்.

அதனால் இனி எங்காவது பலகை பதித்தால் இரண்டு பெயராகப் பதிக்கட்டும். இடம் போதவில்லை என்றால் 'எழுத்தாளர்' என்பதை எடுத்துவிடலாம், அவருடைய நாவல்களைவிட அகராதிக்குத்தான் மதிப்பு அதிகம் என்பது என் எண்ணம். போரிஸ் கோபித்துக்கொண்டால் நீங்கள்தான் சமாதானம் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
தமிழில் எழுதும் ஒரு வாசகன்