செயலாளரின் ஆண்டறிக்கை – 2024
பங்கு இளைஞர் ஒன்றியம், மட்டக்களப்பு

மதிப்புக்குரிய பங்குத்தந்தை அவர்களே, தலைவர் அவர்களே, அங்கத்தவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

தவக்காலச் சிலுவைப்பாதை, ஆலய வளவுச் சிரமதானம், இரத்ததான முகாம், கரோல் பவனி ஆகியன வழமைபோல் நடந்தேறின. உதவிய எல்லோருக்கும் நன்றி. இந்த அறிக்கையில் நான் அதிகம் சொல்ல விரும்புவது நவம்பரில் நாங்கள் போய்வந்த கல்விப் பயணத்தைப் பற்றித்தான்.

போன இடம் புத்தல. புத்தளம் அல்ல, மொனராகலை மாவட்டத்துப் புத்தல. அங்கே அலுகலவித்த கிராமத்தில் 1980 முதல் ஏழை விவசாயிகளோடு வாழ்ந்தவர் அருட்தந்தை மைக்கல் ரொட்ரிகோ, அமலமரித் தியாகிகள் சபைத் துறவி. கண்டி குருமடத்தில் படிப்பித்த பேரறிஞர். பௌத்த மக்கள் நடுவில் ‘சுபசெத் கெதர’ என்ற இல்லத்தை அமைத்து, அவர்களுடைய நில உரிமைக்காகப் பேசினார். 1987 நவம்பர் 10 அன்று திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 60.

“எங்கட குருமாரே கொல்லப்பட்டிருக்க, ஏன் அவ்வளவு தூரம்?” என்று சில பெற்றோர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதனால் ஆயத்த வகுப்புகளை எங்கள் ஊரிலிருந்தே தொடங்கினோம். மட்டக்களப்பு பிரஜைகள் குழுவின் தலைவராக இருந்து, 1988 ஜூன் 6 அன்று புளியந்தீவு மரியாள் பேராலயத்தில் கொல்லப்பட்ட அருட்தந்தை சந்திரா பெர்னாண்டோ. புனித மிக்கேல் கல்லூரிக்குக் கூடைப்பந்து பயிற்றுவித்து, 1990 ஆகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து திரும்பும் வழியில் காணாமற்போன இயேசு சபைத் துறவி யூஜின் ஹேபர்ட். இவர்களைத் திருச்சபை இன்னும் முறைப்படி மறைசாட்சிகளாக அறிவிக்கவில்லை. ஆனால் மக்கள் அப்படித்தான் நினைவுகூருகிறார்கள். வகுப்புக்கு வந்த பிள்ளைகளில் பலர் இந்தப் பெயர்களையே அன்றுதான் கேட்டார்கள். அது என்னை மிகவும் வருத்தியது.

சரி, பயணம். கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில், சியம்பலாண்டுவ வழியாகப் போனோம். எங்கள் ஏ4 வீதியே நேராகப் புத்தலவுக்குக் கொண்டுபோகிறது. இத்தனை வருடமாக அந்தப் பக்கம் போகவேண்டும் என்று நாங்கள் நினைக்கவில்லை, அவ்வளவுதான். கிராமத்துப் பெரியவர்கள் மரநிழலில் பாய் விரித்து உட்காரவைத்து, தேநீர் தந்து பேசினார்கள். எங்களில் சிங்களம் நன்றாகத் தெரிந்தவர் ஒருவர்தான். அவர் மொழிபெயர்க்க மொழிபெயர்க்க நேரம் போய்விட்டது. பிள்ளைகள் எழுதிக்கொண்டுபோன கேள்விகளில் பாதிகூடக் கேட்க முடியவில்லை.

எனவே வரும் ஆண்டுக்கு இரண்டு பிரேரணைகள். சனிக்கிழமைகளில் சிங்கள வகுப்பொன்றைத் தொடங்கவேண்டும். அடுத்த பயணம், 1985 ஜனவரியில் மேரி பஸ்தியன் அடிகளார் கொல்லப்பட்ட மன்னார் வங்காலைக்கு அமையவேண்டும். ஆயத்த வகுப்புக்கு வராதவர்களுக்கு பஸ்ஸில் இடம் இல்லை என்பதை இப்போதே தீர்மானமாக எடுக்கும்படி சபையைக் கேட்கிறேன். இது சுற்றுலா அல்ல.

கணக்கறிக்கையைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார்.

இங்ஙனம்,
செயலாளர்