நான்கு மில்லிகிராம்: வைரஸ் சிகிச்சைச் சோதனைகளை நடத்துபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆராய்ச்சியாளர்களுக்கும், மருந்து நிறுவனத்தாருக்கும், இந்தச் சோதனைகளுக்கு அனுமதி வழங்கும் நெறிமுறைக் குழுவினருக்கும்,

வணக்கம்.

இந்த வாரமும் ஒரு செய்தி வந்தது. 'புற்றுநோயைத் தின்னும் வைரஸ்.' தலைப்பு அவ்வப்போது கொஞ்சம் மாறும், படம் மாறவே மாறாது. நீலப் பின்னணியில் முள் முளைத்த ஒரு பந்து. ஒரே நாளில் ஆறு பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். அதில் நான்கு பேருக்கு என் அக்கா இறந்தது தெரியும். தெரிந்தும் அனுப்புகிறார்கள். என்னை நினைத்தாலே அவர்களுக்கு இப்போது வைரஸ்தான் ஞாபகம் வருகிறது போலிருக்கிறது.

செய்தியைப் படித்து முடித்ததும், பழைய பழக்கத்தில், நாங்கள் விண்ணப்பித்த அந்தச் சோதனையின் இணையப் பதிவைத் திறந்து பார்த்தேன். 'நோயாளிகள் சேர்க்கப்படுகிறார்கள்' என்றே இன்னும் இருக்கிறது. அதனால்தான் இந்த மடல்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். இடம் இருக்கிறதா இல்லையா என்பதை உள்ளபடி எழுதி வையுங்கள். எழுதிக் கேட்பவர்களுக்கு ஒரு வாரத்துக்குள் பதில் சொல்லுங்கள். 'இல்லை' என்பதும் பதில்தான்.

பின்னணி உங்களுக்குத் தெரிந்ததே. அக்காவுக்கு மூளையில் கிளையோபிளாஸ்டோமா என்ற புற்றுக்கட்டி, அறுவை, ரேடியேஷன், கீமோ எல்லாம் முடிந்து, எட்டாவது மாத ஸ்கேனில் கட்டி மறுபடியும் தலைகாட்டியது. இப்படித் திரும்பி வந்தவர்களுக்கு அடுத்து என்ன என்று கேட்டால், டாக்டர்கள் முதலில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார்கள். அப்படித் துடைத்த ஒருவர்தான் வைரஸ் சோதனைகளைப் பற்றிச் சொன்னார்.

அன்று இரவு நான் படித்ததை அக்காவுக்கு விளக்கினேன். நல்ல செல்லுக்குள் வைரஸ் நுழைந்தால் அது சத்தம் போட்டு அக்கம்பக்கத்தை உஷார் செய்துவிடும். புற்றுநோய் செல்லுக்குப் பல நேரம் அந்தக் குரல் போயிருக்கும். அதனால் வைரஸ் அங்கே தாராளமாகப் பெருகி, செல்லை உடைத்துக்கொண்டு வெளியே வரும். சிதறிக் கிடப்பதைப் பார்த்து உடம்பின் எதிர்ப்பு சக்தியும் விழித்துக்கொள்ளும். நல்ல செல்லில் பெருக முடியாதபடி வைரஸின் மரபணுவை முன்கூட்டியே மாற்றிவிடுவார்கள். ஜப்பானில் 2021 ஜூனில் நிபந்தனையுடன் அனுமதி பெற்ற மருந்தில், வாய்ப்புண் உண்டாக்கும் ஹெர்ப்பிஸ் வைரஸில் மூன்று இடங்களில் கை வைத்திருக்கிறார்கள். இதையெல்லாம் நான் படம் போட்டு விளக்கி முடித்ததும் அக்கா சொன்னாள்: "முள்ளை முள்ளால எடுக்கிறாங்க, அவ்வளவுதானே? இதுக்கு எதுக்குடா அரை மணி நேரம்?"

அப்புறம்தான் உங்கள் தகுதிப் பட்டியலுக்கு வந்தோம். கட்டியின் அளவு, ரத்தத் தட்டணுக்கள், கடைசிக் கீமோ முடிந்து எத்தனை வாரம் என்று ஒவ்வொன்றாக ரிப்போர்ட்டுகளோடு ஒத்துப்பார்த்தோம். எல்லாவற்றிலும் தேறினாள், ஒன்றைத் தவிர. ஸ்டீராய்டு, அதாவது டெக்ஸாமெத்தசோன், ஒரு நாளைக்கு நான்கு மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. அக்கா எடுத்துக்கொண்டிருந்தது எட்டு.

காரணம் புரிகிறது. ஸ்டீராய்டு எதிர்ப்பு சக்தியை அடக்கிவிடும். வைரஸ் எழுப்ப வேண்டியதும் அதே எதிர்ப்பு சக்தியைத்தான். நிபந்தனையில் தப்பில்லை. ஆனால் மூளைவீக்கத்தோடு இருக்கும் ஒருவர் அந்த மாத்திரையைக் குறைப்பது என்றால் என்ன என்பதை, அந்த நிபந்தனையை எழுதியவர் ஒரு தடவையாவது கிட்டே இருந்து பார்த்திருப்பாரா என்பது என் சந்தேகம்.

நாங்கள் பார்த்தோம். எங்கள் டாக்டர் தயங்கித் தயங்கித்தான் சம்மதித்தார். அரை மில்லிகிராம் மாத்திரைகள், நாளுக்குப் பதினாறு. அதை மெதுவாகக் குறைக்க வேண்டும். கட்டில் பக்கத்துச் சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் அக்காவே ஒவ்வொரு நாளும் எழுதினாள். 8. 7. 7. 6. 6. ஆறு வரை பெரிதாக ஒன்றும் இல்லை. ஐந்துக்கு வந்த நாள் விடியற்காலையில் தலைவலி தொடங்கியது. ஜன்னல் வெளிச்சம் படக் கூடாது, யாரும் கட்டிலில் உட்காரக் கூடாது, தலையணை லேசாக அசைந்தாலும் வாந்தி. இடது கை விரல்கள் மடங்க மறுத்தன. "எட்டுக்கே போயிடலாம்க்கா" என்றேன். கண்ணைத் திறக்காமலே, "அவங்களுக்கு நாலு வேணும்னா நாலு" என்றாள். நான்கு எட்டிய நாளைக் காலண்டரில் பேனாவால் வட்டம் போட்டாள். வட்டம் கோணலாக வந்தது. எண்ணையும் வட்டத்தையும் காட்டி, "ஃபோட்டோ எடுத்து அனுப்பு, பாஸாயிட்டேன்னு சொல்லு" என்றாள்.

அனுப்பினோம். முதல் மின்னஞ்சல் போய் ஏற்கெனவே பதின்மூன்று நாள் ஆகியிருந்தது. 'உங்கள் கடிதம் கிடைத்தது' என்ற இயந்திரப் பதில் மட்டும் வந்திருந்தது. பதிவில் இருந்த தொலைபேசி எண்ணில் ஒரு குரல், செய்தியைப் பதிவு செய்யச் சொன்னது. பதிவு செய்தோம், நான்கு முறை. ஐந்தாவது முறை பெட்டி நிறைந்துவிட்டது என்றது. அத்தனை நாளும் அக்கா நான்கு மில்லிகிராமிலேயே இருந்தாள்.

இருபத்தாறாவது நாள் பதில் வந்தது. இரண்டே வரி. 'எங்கள் ஆய்வில் தாங்கள் காட்டிய ஆர்வத்திற்கு நன்றி. இந்தப் பிரிவில் சேர்க்கை நிறைவடைந்துவிட்டது.' எப்போது நிறைவடைந்தது என்று திருப்பிக் கேட்டேன். அதற்கு மட்டும் உடனே பதில் கிடைத்தது. நாங்கள் முதல் கடிதம் எழுதுவதற்கு ஒன்பது வாரம் முன்பு.

ஆர்வம்! ஆர்வம் என்பது தபால்தலை சேகரிப்பவருக்கு இருப்பது. என் அக்காவுக்கு இருந்ததற்கு வேறு பெயர்.

அன்று இரவே எட்டுக்குப் போனோம். தலைவலி இரண்டு நாளில் அடங்கியது. இடது கை பழையபடி ஆகவே இல்லை.

அந்த வைரஸ் கிடைத்திருந்தால் அக்கா பிழைத்திருப்பாள் என்று நான் சொல்லவில்லை. கணக்கு எனக்கும் தெரியும். போலியோ வைரஸை மாற்றி அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் நடத்திய சோதனையின் முடிவு 2018-ல் வெளியானது. நோய் திரும்பிய 61 பேர்; மூன்று ஆண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் 21 சதவீதம். முன்பு இதே நிலையில் இருந்தவர்களின் கணக்கு 4 சதவீதம். பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஐந்தில் நான்கு பேர் போய்விட்டார்கள் என்பதும் அதே கணக்கில்தான் இருக்கிறது. ஜப்பானிய மருந்துக்கு அனுமதி வாங்கித் தந்த சோதனையில் இருந்தவர்கள் மொத்தமே 19 பேர். டோகா 511 என்ற வைரஸைப் பற்றி எவ்வளவு எழுதினார்கள்! 403 பேரை வைத்துப் பெரிய சோதனை நடத்தியபோது, 2019-ல், வழக்கமான சிகிச்சையைவிட அது மேல் இல்லை என்று தெரிந்தது. அந்தத் தோல்வியை மறைக்காமல் வெளியிட்டார்கள், அதற்கு என் மரியாதை. வெற்றிச் செய்தி வந்த அளவுக்குத் தோல்விச் செய்தி யாருடைய வாட்ஸ்அப்புக்கும் வரவில்லை என்பது வேறு கதை.

எனவே 'எல்லாருக்கும் கொடுங்கள்' என்று கேட்கவில்லை. ஒப்பிட ஒரு குழு இல்லாத சோதனை போதாது என்று சொல்லி, 2025 ஜூலையில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்கான ஆர்பி1 என்ற வைரஸ் மருந்தைத் திருப்பி அனுப்பியது. அந்தக் கண்டிப்பு கசந்தாலும் அதன் நியாயம் எனக்குப் புரிகிறது. இடம் கொஞ்சம்தான், நிபந்தனை கடுமைதான், முடிவு நிச்சயமில்லை. எல்லாம் சரி. கதவு மூடியிருந்தால் மூடியிருக்கிறது என்று ஒரு பலகை மாட்டக்கூடவா ஆள் இல்லை?

பலகை மாட்டவேண்டும் என்று விதியே இருக்கிறது. அமெரிக்க அரசின் சோதனைப் பதிவேட்டில், சேர்க்கை நிலை மாறினால் 30 நாளுக்குள் திருத்தவேண்டும். முப்பது நாளே எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு யுகம். அதையும் தாண்டி மாதக்கணக்கில் ஒரு பொய் அங்கே உட்கார்ந்திருக்கிறது என்றால், அதைக் கேட்கவேண்டியவர்கள் யார்? நெறிமுறைக் குழுவினரே, ஒப்புதல் படிவத்தில் ஒரு எழுத்து பிசகினால் திருப்பி அனுப்புகிறீர்கள், நல்லது. படிவத்தில் கையெழுத்துப் போடும் இடம் வரைகூட வந்துசேராதவர்கள் உங்கள் கணக்கில் உண்டா?

நீங்கள் பேசாத இடத்தில் வேறு யாராவது பேசுகிறார்கள். குரோஷியாவில் ஒரு வைரஸ் ஆய்வாளர், பியாட்டா ஹலாசி, தன் மார்பகப் புற்றுநோய்க்குத் தானே வைரஸ் தயாரித்துப் போட்டுக்கொண்டதை 2024-ல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். அவர் செய்தது அவருக்குத் தெரிந்த தொழில், கூடவே டாக்டர்கள் கண்காணித்தார்கள், பிறகு கட்டியை அறுவை செய்தும் எடுத்தார்கள். இதில் பாதி எங்கள் காதுக்கு வந்து சேர்வதற்குள் உதிர்ந்துவிடுகிறது. மிஞ்சுவது, 'அவங்களே செஞ்சுக்கிட்டாங்களாம், நாமும் எங்கேயாவது வாங்கிப் போட்டுக்கலாமா?' இந்தக் கேள்வியை என்னிடமே மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். லாட்வியாவில் ரிக்விர் என்ற வைரஸ் மருந்தை 2004-ல் பதிவு செய்து, வெளிநாட்டு நோயாளிகளுக்கும் பல ஆண்டுகள் கொடுத்தார்கள். 2019-ல் பரிசோதித்தபோது, குப்பியில் இருக்கவேண்டிய அளவு வைரஸே இல்லை என்று தெரிந்து விநியோகத்தை நிறுத்தினார்கள். அங்கே போனவர்களை ஏமாளிகள் என்று நான் சொல்லமாட்டேன். அங்கே யாராவது அவர்களுக்குப் பதில் சொல்லியிருப்பார்கள்.

எலிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. எலிக்குக் குணமானால் அன்றைக்கே உலகத்துக்குச் சொல்ல உங்களிடம் ஒரு துறையே இருக்கிறது. படம் தயாராக இருக்கிறது, நிருபரின் எண் தயாராக இருக்கிறது, ஆராய்ச்சியாளர் வெள்ளைக் கோட்டில் சிரித்துக்கொண்டு நிற்கிறார். மனிதர் ஒருவர் 'எனக்கு இடம் உண்டா?' என்று கேட்டால் குரல் பெட்டி நிறைந்துவிட்டது. எலியாகப் பிறந்திருந்தால் பரவாயில்லை என்று அக்காவே ஒரு நாள் சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

மன்னிக்கவும், கோபம் வந்துவிட்டது. உங்களில் பலர் ராப்பகலாக உழைப்பவர்கள் என்பது எனக்குத் தெரியும். அந்த மின்னஞ்சல் பெட்டியைப் பார்ப்பவர் ஒரே ஒரு ஒருங்கிணைப்பாளராக இருக்கலாம், அவருக்கும் நூறு வேலை இருக்கலாம். அப்படியென்றால் இன்னொருவரை நியமியுங்கள். செல்லுக்குள் வைரஸை அனுப்பத் தெரிந்தவர்களுக்கு, ஒரு வீட்டுக்கு ஒரு வரி அனுப்புவது முடியாத காரியமில்லை.

மறுபடியும் கேட்கிறேன், பணிவாகவே. சேர்க்கை முடிந்த அன்றே பதிவில் 'முடிந்தது' என்று எழுதுங்கள். விசாரித்து எழுதுபவருக்கு ஏழு நாளுக்குள் ஒரு மனிதர் பதில் எழுதட்டும். இடம் உறுதியாகும் வரை யாரும் மாத்திரையைக் குறைக்கவோ, கீமோவைத் தள்ளிப்போடவோ வேண்டாம் என்று, தகுதிப் பட்டியலின் தலையிலேயே, சாதாரண மொழியில் எழுதிவையுங்கள். அந்த ஒரு வாக்கியம் இருந்திருந்தால் அக்கா எட்டிலேயே இருந்திருப்பாள்.

காலண்டரை இன்னும் கழற்றவில்லை. இன்று காலையும் அந்தப் பதிவைப் பார்த்தேன். சேர்க்கப்படுகிறார்கள் என்றுதான் இருக்கிறது. வேறு யாரோ ஒருவர் இப்போது மாத்திரைகளை எண்ணிக்கொண்டிருக்கலாம். தயவுசெய்து இன்றைக்கே அதை மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் தம்பி